பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறுவது ஏன்?

"இரண்டு நாளாகக் காய்ச்சல், பிள்ளை ஒன்றுமே சாப்பிடவில்லை. சர்க்கரை மட்டும் 300-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. எப்படி?" முதல் வகை நீரிழிவுள்ள, அதாவது உடல் தானாக இன்சுலின் சுரக்காத, குழந்தைகளின் பெற்றோர் குளிர்காலம் வந்தாலே கேட்கும் கேள்வி.

சர்க்கரையைக் கொட்டுவது கல்லீரல். நோயோடு போராடும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் என்ற ஹார்மோன்கள் மூன்றையும் கூடுதலாகச் சுரக்கிறது. மூன்றுமே இன்சுலினுக்கு எதிர்க்கட்சி. அதனால் காய்ச்சலில் இன்சுலின் பெரும்பாலும் கூடுதலாகவே தேவைப்படும். "சாப்பிடாத பிள்ளைக்கு ஊசி எதற்கு" என்று நீண்டநேர இன்சுலினை நிறுத்துவதைவிட ஆபத்தான காரியம் இல்லை.

நிறுத்தினால் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போய்க் கீட்டோன் ஆகும், அது சேரச் சேர ரத்தம் அமிலமாகும். அதில் பெரும்பங்கு பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட், சிறுபங்கு அசிட்டோஅசிட்டேட். சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டையின் கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது மட்டும்தான். வேடிக்கை என்னவென்றால், ஊசி வேலைசெய்யத் தொடங்கியதும் முதலாவது இரண்டாவதாக மாறும். பிள்ளை தேறிவரும், பட்டையின் நிறமோ இன்னும் அடர்த்தியாகும்! நிலைமை மோசமாகும்போது அதே பட்டை ஆபத்தைக் குறைத்துக் காட்டும். போதாததற்கு, சிறுநீர் சொல்வது சில மணிநேரப் பழைய செய்தி.

விரல்நுனி ரத்தத்தில் அளக்கும் கீட்டோன் மீட்டருக்கு இந்தக் குழப்பம் இல்லை. லிட்டருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழே இயல்பு. 1.5-ஐத் தாண்டினால், மருத்துவர் முன்பே எழுதிக் கொடுத்த அளவில் கூடுதல் இன்சுலின், பொதுவாக ஒரு நாளின் மொத்த அளவில் 10 முதல் 20 சதவீதம். 3-ஐத் தாண்டினால் மருத்துவமனை. இன்சுலினை இலவசமாகத் தரும் அரசுகள் இந்த மீட்டருக்கான பட்டைகளையும் தர வேண்டும் என்பது என் கட்சி. தீவிர சிகிச்சைப் படுக்கையைவிட மலிவு.

வாந்தி, வயிற்றுப்போக்கில் கதை தலைகீழ். குடலில் எதுவும் தங்காததால் சர்க்கரை இறங்கும், பட்டினியால் கீட்டோன் ஏறும். அப்போது இன்சுலினைக் குறைக்க நேரலாம், அடியோடு நிறுத்தக் கூடாது. சர்க்கரை கலந்த பானத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 மில்லி வீதம் கொடுக்க வேண்டும். ஒரேயடியாகக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். சர்க்கரை ஏறியிருந்தால் இனிப்பில்லாத பானம். இரண்டு மணிநேரமாக வாந்தி நிற்கவில்லை, மூச்சு ஆழமாக வேகமாக வாங்குகிறது, பிள்ளை மயங்கிச் சாய்கிறது என்றால் மீட்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

இருமல் சிரப்பின் ஒரு கரண்டி இனிப்புக்காகப் பதற வேண்டாம். மூச்சிரைப்புக்குத் தரும் ஸ்டீராய்டு சிரப்தான் சர்க்கரையை எகிறவைக்கும். இன்னொன்று, தோலில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சில சென்சார்கள், குறிப்பாகப் பழையவை, பாராசிட்டமால் கொடுத்த சில மணிநேரம் அளவைக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போடுமுன் விரலில் ஒருமுறை குத்திப் பார்த்துவிடுங்கள்.