பொய்ச்சான்று: சொல்லும் சட்டப் பொருளும்

நீதிமன்ற வட்டாரத்தில் ‘பெர்ஜுரி’ என்று சொல்லப்படும் குற்றத்துக்குத் தமிழில் பொய்ச்சாட்சி, பொய்ச்சாட்சியம், பொய்ச்சான்று என்று பல பெயர்கள் வழங்குகின்றன. நடந்ததற்கு மாறாக ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னால் அது பொய்ச்சாட்சி என்பதே பொதுவான புரிதல். சட்டம் இதைவிட நுட்பமான ஒன்றைக் கேட்கிறது: சொல்லப்பட்டது மெய்யா என்பதற்கும் முன்னால், சொன்னவருக்கு அது தெரியுமா என்று கேட்கிறது. இந்த நுட்பத்தைக் குறிக்கும் சொற்கள் பழந்தமிழில் முன்பே இருந்திருக்கின்றன.

பெர்ஜுரி இலத்தீனத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஆணையிடுதலைக் குறிக்கும் ‘யூராரே’ என்ற வினையே அதன் அடி. ஆணையைப் பிழைத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். இதற்குச் சொல்லுக்குச் சொல் ஈடு தேடினால் ‘பொய்ச்சூள்’ கிடைக்கும். சூள் என்றால் ஆணை, சத்தியம். பரத்தையிடம் சென்று வந்த தலைவன் தலைவியிடம் செய்யும் பொய்ச்சத்தியத்தை அகப்பாடல்கள் இச்சொல்லோடு சேர்த்தே பேசும். அகநானூற்றின் 256ஆம் பாட்டில் இந்தச் சூள் ஊரவையின் முன் வந்து நிற்கிறது. கள்ளூரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன், அவளை ‘அறியேன்’ என்று சூளுரைக்கிறான். அவையோர் அந்தச் சூளை அப்படியே ஏற்றுவிடவில்லை. ‘அறிகரி கடாஅய்’ என்கிறது பாட்டு. அதாவது, அறிந்த சாட்சிகளை வினவி உண்மையைத் தெளிகிறார்கள். பிறகு அவனை மரக்கிளையில் இறுகக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள்.

இங்கே ‘கரி’ என்பது சாட்சி. ‘இந்திரனே சாலுங் கரி’ என்று 25ஆம் குறளில் வருவதும் இதே சொல்தான். சாட்சி சொல்லப் போவதைக் ‘கரி போதல்’ என்றார்கள். ‘பொய்க்கரி போகன்மின்’ என்பது சிலப்பதிகாரத்தின் இறுதிப் பகுதியில் வரும் அறிவுரைகளுள் ஒன்று. அக்காப்பியத்தில் புகார் நகரத்துச் சதுக்கப் பூதம் புடைத்து உண்ணும் தீயோரின் பட்டியலில் ‘பொய்க்கரியாளர், புறங்கூற்றாளர்’ என இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அடைக்கலக் காதையில் அந்தப் பூதத்தின் கயிற்றில் ஒருவன் சிக்கியதையே காண்கிறோம். வறியவன் ஒருவன், கற்புடைய பெண்ணொருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் ‘அறியாக் கரி’ பொய்த்துவிடுகிறான். அவனுடைய தாயின் துயரம் பொறாத கோவலன் தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டியும் பூதம் இணங்கவில்லை. அவன் சொன்னது பொய் என்று மட்டும் இளங்கோ சொல்லி நிறுத்தியிருக்கலாம். ‘தான் அறியாத ஒன்றுக்குச் சாட்சி நின்றான்’ என்று குற்றத்தின் வேரையும் சேர்த்தே காட்டுகிறார். அவன் பேசியது அவையில் அன்று, கணவனிடம் என்பதால், இன்றாயின் அது அவதூறு என்னும் வேறு பிரிவின்கீழ் வரும்.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இக்குற்றத்துக்குப் பெர்ஜுரி என்று பெயரிடவே இல்லை. அதன் 191ஆம் பிரிவு ‘பொய்ச்சான்று அளித்தல்’ என்ற பொருள்பட அமைந்தது. இன்று அது, அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 227ஆம் பிரிவாக இருக்கிறது. சத்தியப் பிரமாணத்தாலோ சட்டத்தின் வெளிப்படையான விதியாலோ உண்மை சொல்லக் கடமைப்பட்ட ஒருவர், பொய்யான ஒன்றை, பொய்யென்று அறிந்தோ நம்பியோ, அல்லது மெய்யென்று நம்பாமலோ சொல்வது குற்றம். அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டுகள் நின்று படிக்கத்தக்கவை. ஒன்றில், ஆயிரம் ரூபாய்க்கான நியாயமான கோரிக்கைக்கு ஆதரவாக ஒருவர் சாட்சி சொல்கிறார். கடன் உண்மை, ஆனால் கடன்பட்டவர் அதை ஒப்புக்கொண்டதைத் தன் காதால் கேட்டதாகச் சொல்வது பொய். அவர் குற்றவாளியே. இன்னொன்றில், இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் இருந்ததைத் தாம் அறிவதாக, எதுவுமே தெரியாத ஒருவர் சொல்கிறார். அந்த ஆள் உண்மையிலேயே அங்கே இருந்திருந்தாலும் சொன்னவர் பொய்ச்சான்று அளித்தவரே ஆவார். ‘அறியாக் கரி’ என்ற தொடருக்கு இதைவிடப் பொருத்தமான உரையை நான் கண்டதில்லை.

ஆணை இல்லாத இடத்திலும் சட்ட விதியொன்று உண்மை சொல்லக் கட்டாயப்படுத்தினால் இக்குற்றம் நிகழக்கூடும் என்பதால், ‘பொய்ச்சூள்’ இதற்கு நிறைவான ஈடாகாது. இன்னொரு காரணமும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றம் சாட்சியங்கள் குறித்து வினவும்போது அவருக்குச் சத்தியப் பிரமாணம் செய்விப்பதில்லை. பொய்யான விடை தந்தாலும் அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. கள்ளூர்க்காரன் இன்று அந்தக் கட்டத்தில் ‘அறியேன்’ என்றிருந்தால் அது பொய்ச்சான்று ஆகாது. தானே விரும்பித் தன் தரப்புச் சாட்சியாகக் கூண்டேறிச் சொல்லியிருந்தால் மட்டுமே ஆகும்.

நீதிமன்ற நடவடிக்கையில் அளிக்கும் பொய்ச்சான்றுக்கு ஏழு ஆண்டுவரை சிறையும், பத்தாயிரம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம் (பிரிவு 229). ஒருவரை மரண தண்டனைக்கு உள்ளாக்கும் நோக்கத்துடன் பொய்ச்சான்று அளித்து, அதனால் குற்றமற்றவர் தூக்கிலேறிவிட்டால், அளித்தவருக்கு மரண தண்டனையே விதிக்கவும் இடமுண்டு. எதிர்த்தரப்பு பொய் சொல்லிவிட்டது என்று நாமே நேரடியாக வழக்குத் தொடுத்துவிட முடியாது. வழக்கை விசாரிக்கும் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம், புகாரளிக்க வேண்டியது அந்த நீதிமன்றமோ அதற்கு மேலான நீதிமன்றமோதான்.

தமிழீடாக எதைக் கொள்வது? கரி என்றால் இன்று அடுப்புக்கரிதான் நினைவுக்கு வரும் என்பதால் ‘பொய்க்கரி’யை வழக்குக்கு மீட்பது கடினம். ‘பொய்ச்சாட்சி’ ஊர் அறிந்த சொல்; தமிழ் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளிலும் ‘பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக’ என்றே இருக்கிறது. சாட்சி, கண் என்று பொருள்படும் ‘அக்ஷி’யை உள்ளடக்கிய வடசொல், கண்ணால் கண்டவர் என்பது அதன் உட்பொருள். ஆனால் அது ஆளையும் குறிக்கிறது, அவர் சொன்னதையும் குறிக்கிறது. சட்ட எழுத்தில் இந்த மயக்கம் கூடாது. ‘சால்’ என்ற வினையடியோடு தொடர்புடைய ‘சான்று’ வாய்மொழி, ஆவணம் இரண்டுக்கும் பொருந்துவதால், குற்றத்துக்குப் ‘பொய்ச்சான்று அளித்தல்’ என்றும், போலியான பதிவையோ தடயத்தையோ உருவாக்கும் 228ஆம் பிரிவுக் குற்றத்துக்குப் ‘பொய்ச்சான்று புனைதல்’ என்றும், ஆளுக்குப் ‘பொய்ச்சாட்சி’ என்றும் பிரித்து வழங்கலாம். நாளேடுகளில் வரும் ‘பிறழ்சாட்சி’யை இவற்றோடு குழப்பக் கூடாது. தம்மை அழைத்த தரப்புக்கு மாறாகப் பேசுபவரே பிறழ்சாட்சி. காவல் நிலையத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்திலிருந்து விலகி அவர் நீதிமன்றத்தில் சொல்வதே உண்மையாகவும் இருக்கக்கூடும்.