கைராசியைக் குறை சொல்லாதீர்கள்

தண்டையார்பேட்டையில் சித்த மருத்துவம் பார்க்கிறேன். சளி, இருமல் என்று வருகிறவர்களிடம் மாடியில் கொஞ்சம் மூலிகை வளர்க்கச் சொல்வது என் வழக்கம். வளர்த்தவர்களில் பலர் சில மாதம் கழித்து வந்து, "எனக்குக் கைராசி இல்லை டாக்டரம்மா" என்று வருத்தப்படுகிறார்கள்.

காசிமேட்டில் ஓர் அம்மாவின் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் தெர்மோகோல் பெட்டி ஒன்றில் துளசி, கற்பூரவல்லி, வல்லாரை, புதினா, கற்றாழை ஐந்தையும் நெருக்கி நட்டிருந்தார். கற்பூரவல்லித் தண்டைத் தொட்டேன். அடியில் கறுத்துக் கூழாகி, விரலோடு கழன்று வந்தது. பக்கத்திலேயே வல்லாரை பச்சைப்பசேலென்று விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வல்லாரை வாடிவிடக் கூடாது என்று தினமும் இரண்டு வேளை ஊற்றிய தண்ணீர்தான் கற்பூரவல்லியை அழுக வைத்திருக்கிறது. பெட்டியின் அடியில் ஓர் ஓட்டைகூட இல்லை.

தாகம் ஒத்துப்போகிற செடிகளைத்தான் ஒரே தொட்டியில் குடிவைக்க வேண்டும். கற்பூரவல்லியும் கற்றாழையும் தண்ணீரை இலையிலேயே சேர்த்துவைப்பவை. மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். வல்லாரை, பொன்னாங்கண்ணி, புதினா மூன்றுக்கும் மண் ஈரமாகவே இருக்க வேண்டும். நம் ஊர் உச்சி வெயிலில் வல்லாரையும் புதினாவும் கருகும். துளசிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும் நல்ல வெயிலும் அளவான தண்ணீரும் தேவை. மூன்று தொட்டிக்கு இடமில்லையா? ஒரு கூட்டத்தை மட்டும் வளருங்கள். புதினா வேர்விட்டு ஓடி மற்றதை நெருக்கிவிடும் என்பதால், அதைச் சிறு சட்டியில் நட்டுச் சட்டியோடு புதைத்துவிடுங்கள்.

வடசென்னையில் தொட்டியைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய சாமான் கடைகளில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் முன்பு ரசாயனம் இருந்ததா, எண்ணெய் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. வாயில் போடும் இலையை அதில் வளர்க்காதீர்கள். மண் தொட்டி, சிமென்ட் தொட்டி, அரிசி வந்த சாக்கு, எதுவானாலும் ஓர் அடி ஆழமும் அடியில் நாலைந்து ஓட்டைகளும் இருந்தால் நல்லது.

தண்ணீரும் அப்படித்தான். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும். இலை நுனி பழுப்பாகி, மண்மேல் வெள்ளை படிந்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். அடி ஓட்டை வழியாக வெளியேறும் அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். தொட்டியின் கீழே தட்டு வைத்திருந்தால் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிட அந்தத் தட்டு போதும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் பரவியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீர் புகுந்த தொட்டியின் செடியை, அது துளசியே ஆனாலும், மண்ணோடு அப்புறப்படுத்துங்கள். கழுவிச் சாப்பிடலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

இன்னொன்று. கலப்புத் தொட்டியில் நாம் நடாததும் முளைக்கும். கீழாநெல்லி, குப்பைமேனி தானாக வரும். அதே மண்ணில் ஊமத்தை விதையும் கிடந்து முளைக்கலாம். ஊமத்தை விஷம். குழந்தைக்குக் கஷாயம் வைக்கும் அவசரத்தில் கொத்தாகக் கிள்ளாமல், ஒவ்வோர் இலையாகப் பார்த்து, கசக்கி முகர்ந்து பறியுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எந்தச் சாற்றிலும் தேன் கலக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அடையாளம் தெரியாத செடி முளைத்திருந்தால் வேரோடு பிடுங்கி, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் கட்டணம் வாங்குவதில்லை.