ஹேவ் போடணுமா வேண்டாமா? கடிகாரத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க

இங்கிலீஷ்ல சிம்பிள் பாஸ்டுக்கும் ("ஐ சா" மாதிரி) பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கும் ("ஐ ஹேவ் சீன்" மாதிரி, ஹேவ் இல்ல ஹேஸ் போட்டு வர்றது) என்ன வித்தியாசம்னு கேட்டா நிறைய பேர் சொல்ற பதில், "ரொம்ப முன்னாடி நடந்தா சிம்பிள் பாஸ்ட், இப்பதான் முடிஞ்சுதுன்னா பிரசன்ட் பெர்ஃபெக்ட்". கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா ரெண்டு வாக்கியம் கூட தாங்காது. ஒருத்தரை ஒரே ஒரு நிமிஷம் முன்னாடி பாத்திருந்தாலும் "ஐ சா ஹிம் எ மினிட் அகோ"தான் சரி, "ஐ ஹேவ் சீன் ஹிம் எ மினிட் அகோ" தப்பு. ஆனா பிரபஞ்சத்துக்கு கிட்டத்தட்ட 1,380 கோடி வயசு, அதை "த யூனிவர்ஸ் ஹேஸ் எக்ஸிஸ்டட் ஃபார் 13.8 பில்லியன் இயர்ஸ்"னு பெர்ஃபெக்ட்ல சொன்னா அது ரொம்ப சரி. ஆக எவ்வளவு நேரம் ஆச்சுங்கறது இங்க கணக்குலயே வரல.

அப்போ எதுதான் கணக்கு? ஹான்ஸ் ரைஷன்பாக்னு ஒரு தத்துவவாதி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு துருக்கி போயி அப்புறம் அமெரிக்கால செட்டில் ஆனவர், இவர் 1947ல லாஜிக் பத்தி எழுதுனப்ப நடுவுல இதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போனார். நாம எல்லாரும் ரெண்டு நேரத்தைத்தான் யோசிப்போம், சம்பவம் நடந்த நேரம், அதைப் பத்தி பேசற நேரம். அவர் மூணாவதா ஒண்ணு சேத்தார்: பேசறவங்க எந்த நேரத்துல நின்னுக்கிட்டு அந்த சம்பவத்தைப் பாக்கறாங்க. "பை சிக்ஸ் ஹி ஹேட் லெஃப்ட்"ங்கறதை எடுத்துக்கோங்க, பேசறது இப்ப, அவன் கிளம்புனது எப்பவோ, ஆனா நீங்க மனசால நிக்கிறது ஆறு மணில, அங்கருந்து திரும்பிப் பாத்தா அவன் ஏற்கனவே போயாச்சு. இந்த மூணாவது புள்ளி இல்லாம அந்த வாக்கியத்தை விளக்கவே முடியாது.

இப்ப நம்ம ரெண்டுக்கும் வருவோம். சிம்பிள் பாஸ்ட்ல நீங்க சம்பவம் நடந்த இடத்துக்கே போயி நிக்கிறீங்க, பெர்ஃபெக்ட்ல இப்ப இருக்கற இடத்துல இருந்து நகராம திரும்பிப் பாக்கறீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். "ஐ லாஸ்ட் மை கீ"ன்னா சாவி தொலைஞ்ச அந்த நேரத்தைப் பத்தின பேச்சு, அப்புறம் கிடைச்சுதா இல்லையான்னு அது எதுவும் சொல்லல. "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ"ன்னா இப்ப கையில சாவி இல்ல, கதவுக்கு வெளிய நிக்கிறேன்னு அர்த்தம்.

பேர்லயே பிரசன்ட்னு இருக்கறது சும்மா இல்ல. பழைய இங்கிலீஷ்ல இந்த ஹேவ் நிஜமாவே "என்கிட்ட இருக்கு"ங்கற அர்த்தத்துல வந்ததுதான், "ஐ ஹேவ் த லெட்டர் ரிட்டன்"ங்கற மாதிரி, அதாவது லெட்டர் எழுதி முடிச்ச நிலைமைல என்கிட்ட இருக்குன்னு. போகப்போக வார்த்தைகள் இடம் மாறி, சொந்தம்ங்கற அர்த்தம் தேஞ்சு போயி, வெறும் இலக்கணமா ஆயிடுச்சு, ஆனா "இப்ப"ங்கறது மட்டும் உள்ள அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்குது.

இதை வச்சுக்கிட்டா தனித்தனியா மனப்பாடம் பண்ணுன ரூல் பாதி தானா விழுந்துடும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2010 எல்லாம் உங்களைப் புடிச்சு பழைய நேரத்துல கொண்டுபோயி நிறுத்துற வார்த்தைகள், அதான் பெர்ஃபெக்டோட சேராது. "வென்", அதாவது எப்பன்னு கேள்வி கேட்டாலும் அதே கதை. "திஸ் மார்னிங்" இன்னும் சுவாரஸ்யம்: காலைல பத்து மணிக்கு "ஐ ஹேவ் ட்ரங்க் டூ காஃபீஸ் திஸ் மார்னிங்"னு சொல்லலாம், அதையே சாயங்காலம் நாலு மணிக்கு சொன்னா "ஐ ட்ரேங்க்"னு மாத்தணும், ஏன்னா அந்த காலை முடிஞ்சு போச்சு, நீங்க அதுக்குள்ள இல்ல.

மொழியியல்காரங்களுக்கு ரொம்பப் புடிச்ச உதாரணம் ஐன்ஸ்டீன். "ஐன்ஸ்டீன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்"னு இன்னைக்கு சொன்னா இங்கிலீஷ்காரங்க காதுக்கு உறுத்தும், அவர் 1955லயே இறந்துட்டார், அவரோட "இப்ப"ன்னு ஒண்ணு கிடையாது. ஆனா அதே விஷயத்தை ஊர் பக்கம் திருப்பி "பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டீன்"னா ஓகே! ஊர் இன்னும் இருக்குல்ல. எனக்கு இந்த டாபிக்லயே ரொம்பப் புடிச்ச இடம் இதுதான், ஒரு ஆள் உயிரோட இருக்காரா இல்லையாங்கறது வினைச்சொல்லை மாத்துது.

நியூஸ்ல கவனிச்சுப் பாருங்க, முதல் வரி "எ பிரிட்ஜ் ஹேஸ் கொலாப்ஸ்ட்"னு வரும், அடுத்த வரிலருந்து எத்தனை மணிக்கு, எப்படின்னு எல்லாம் பாஸ்ட்ல போகும். முதல்ல இப்ப நிலைமை என்னன்னு சொல்லிட்டு அப்புறம் சம்பவத்துக்குள்ள இறங்கறாங்க.

தமிழ் பேசறவங்களுக்கு தடுமாற்றம் வர்றதுக்கு ரெண்டு காரணம் இருக்கு. நாம "பத்து வருஷமா இங்க இருக்கேன்"னு நிகழ்காலத்துல சொல்றோம், அதை அப்படியே கொண்டுபோனா "ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்"னு வந்துடுது, இங்கிலீஷ்ல "ஐ ஹேவ் லிவ்ட்" வேணும், "ஐ லிவ்ட்"னா காலி பண்ணிட்டுப் போயாச்சுன்னு அர்த்தம். இன்னொண்ணு, நம்ம "வந்திருக்கான்" பாக்க பெர்ஃபெக்ட் மாதிரியே இருக்கும், ஆனா அது கூடுதலா ஒரு வேலை செய்யுது: வாசல்ல செருப்பைப் பாத்துட்டு "நேத்தே வந்திருக்கான்"னு நாமளா ஊகிச்சு சொல்றதுக்கும் அதான். இங்கிலீஷ் பெர்ஃபெக்டுக்கு இந்த ஊகிக்கற வேலை கிடையாது, நேத்துங்கறதையும் உள்ள விடாது. "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே" இங்கருந்துதான் முளைக்குதுன்னு நினைக்கறேன்.

அமெரிக்கா பிரிட்டன் சண்டையும் உண்டு, "டிட் யூ ஈட் யெட்?", "ஐ ஆல்ரெடி ஏட்" எல்லாம் அமெரிக்கப் பேச்சுல சகஜம், பிரிட்டிஷ்ல ஹேவ் எதிர்பாப்பாங்க. ரெண்டுமே தப்பில்ல.

சரி, நேத்துங்கறதைத் தள்ளி வைக்கறது ஏதோ லாஜிக்கோட கட்டாயமான்னா, இல்ல. ஜெர்மன்ல "இஷ் ஹாபே இன் கெஸ்டர்ன் கெஸேன்", அதாவது வார்த்தைக்கு வார்த்தை "ஐ ஹேவ் ஹிம் யெஸ்டர்டே சீன்", சாதாரணப் பேச்சு. வோல்ஃப்காங் க்ளைன்ங்கற ஜெர்மன் மொழியியலாளர் 1992ல இதையே பெர்ஃபெக்ட் புதிர்னு பேர் வச்சு ஒரு கட்டுரை எழுதுனார், இங்கிலீஷ் ஏன் இவ்வளவு கறாரா இருக்குன்னு. பிரெஞ்சுல பேச்சுவழக்குல பெர்ஃபெக்ட் வடிவம் பழைய பாஸ்டை மொத்தமா முழுங்கிடுச்சு. இங்கிலீஷும் அந்தப் பக்கம் லேசா சாயுதோன்னு சிலருக்கு சந்தேகம், ஏன்னா ஆஸ்திரேலியால கதை சொல்றப்பவும் போலீஸ் அறிக்கைலயும் நேரம் குறிச்சிருக்கற சம்பவத்துக்கே ஹேஸ் போட்டுப் பேசறதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு பண்ணிருக்காங்க.