ரிமோட்டைப் பிரித்து ஒரு டிரோன்

விமானத்தின் இன்ஜின் நின்றாலும் இறக்கை இருப்பதால் அது கொஞ்ச தூரம் மிதந்து வரும். நாலு விசிறி டிரோனுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அதன் மூளை ஒரு நொடி தூங்கினால் போதும், கவிழ்ந்துவிடும். நான்கு மோட்டார்களின் வேகத்தையும் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை திருத்த வேண்டும். மனிதக் கைக்கு ஆகாத வேலை.

திருத்துவதற்கு முன், எவ்வளவு வேகமாகச் சாய்கிறோம் என்று தெரிய வேண்டுமே? அதைச் சொல்வது கைரோ. நின்டெண்டோ 2009இல் வீ விளையாட்டுக் கருவியின் ரிமோட்டுக்காக விற்ற மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவிக்குள் மலிவான கைரோ இருந்தது. பிரான்சில் ஓர் ஆர்வலர் அதைப் பிரித்தெடுத்து, அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையோடு இணைத்து, டிரோனை ஓட்ட எழுதிய திறமூல நிரல்தான் மல்ட்டிவீ. அது ஓடிய ப்ரோ மினி என்ற அர்டுயினோ பலகையின் ரேம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரைகூட அதற்குள் அடங்காது!

கைரோவுக்கு ஒரு குறை உண்டு. சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து, சற்று நேரத்தில் தரை எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடும். முடுக்கத்தை அளக்கும் முடுக்கமானி என்ற உணரிக்குத் தரை எந்தப் பக்கம் என்று தெரியும், ஆனால் மோட்டார் அதிர்வில் குழம்பும். அதனால் நிரல் உடனடி அசைவுக்குக் கைரோவை நம்புகிறது, நீண்ட கணக்குக்கு முடுக்கமானியை.

அப்புறம் பிஐடி: சாய்வைப் பார்த்து மோட்டார்களை எவ்வளவு திருத்துவது என்று சொல்லும் கணக்கு. உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியிருப்போம் அல்லவா, அதே வித்தைதான். கம்பு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவுக்குக் கையை நகர்த்துவது 'பி'. நேராகி வரும்போது மறுபக்கம் போய்விடாமல் முன்கூட்டியே பிடித்து நிறுத்துவது 'டி'. பேட்டரியை ஓரமாகக் கட்டியதால் டிரோன் எந்நேரமும் ஒரு பக்கமே இழுக்கிறதா? அந்தத் தீராத பிழையைக் கூட்டிக்கொண்டே போய்ச் சரிக்கட்டுவது 'ஐ'. பி அதிகமானால் டிரோன் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கும், குறைந்தால் தள்ளாடும். இந்த எண்களைச் சரிசெய்வதிலேயே பலருடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

திரும்புவது எளிது. இரண்டு விசிறிகள் வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழல்கின்றன. ஒரு ஜோடியை வேகப்படுத்தி மற்றதைத் தணித்தால் உடல் தானாகத் திரும்பும்.

ஜிபிஎஸ் பார்த்துத் தானே வழி பிடித்துப் போக வேண்டுமென்றால் அர்டுபைலட் என்ற நிரல் இருக்கிறது. அதுவும் அர்டுயினோவில் தொடங்கியதுதான். மல்ட்டிவீயின் நிரலோ ஜிபிஎல் உரிமத்தில் வந்தது, யாரும் எடுத்து மாற்றலாம். பேஸ்ஃப்ளைட், கிளீன்ஃப்ளைட், பீட்டாஃப்ளைட் என்ற நிரல்களாகக் கைமாறிப் பந்தய டிரோன்களுக்குள் புகுந்தது. இன்றைய பலகைகளில் அளந்து திருத்தும் அந்தச் சுற்று நொடிக்கு 8,000 தடவை வரை ஓடுகிறது. மோஷன் பிளஸை இப்போது யாரும் பிரிப்பதில்லை; டிரோன் நடுங்கினால் மட்டும் இன்னமும் பி, ஐ, டி எண்களைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.