அழற்சி: வீக்கமும் இல்லை, அலர்ஜியும் இல்லை

கற்றாழை ஜெல் டியூப் ஒன்றின் பின்பக்கம், "தோல் வீக்கத்தைக் குறைத்து அமைதிப்படுத்தும்" என்று அச்சிட்டிருந்தார்கள். முழங்கை மடிப்பு செக்கச்செவேல் என்று சிவந்து, தொட்டால் சுடுகிற நிலையில் இருந்த என் சித்தி அதைப் படித்துவிட்டு, "எனக்கு வீங்கலையே, இது வேற எதுக்கோ" என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். இந்த 'வீக்கம்' என் கண்ணில் படுவது இது எத்தனையாவது முறையோ.

அங்கே வர வேண்டிய சொல் அழற்சி. அழல் என்றால் தீ, வெம்மை. சுழல் சுழற்சி ஆவது போல அழல் அழற்சி ஆகிறது. இதற்கான ஆங்கிலச் சொல்லான இன்ஃப்ளமேஷனுக்கும் லத்தீன் வேர் தீச்சுடர்தான்.

வீக்கம் அழற்சியின் ஓர் அறிகுறி, அவ்வளவே. 1-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவ நூல் எழுதிய ரோமானியரான செல்சஸ் சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று நான்கைச் சொல்லிவிட்டார். அதில் ஒன்றைப் பிடுங்கி முழு நோய்க்கும் பெயராக வைப்பது எப்படிச் சரியாகும்? வெயிலில் வெந்த தோல் சிவந்து எரியும், பல நேரம் கண்ணுக்குத் தெரிகிற வீக்கமே இருக்காது, ஆனாலும் அது அழற்சி. சிறுநீரகக் கோளாறில் நீர் கோத்துக் கால் வீங்கும், அது அழற்சி இல்லை. "வீக்கம் என்றால்தான் மக்களுக்குப் புரியும்" என்கிறார்கள். புரிகிறது, தப்பாகப் புரிகிறது. அழற்சி கடினம் என்றால் 'சிவந்து எரியும் தோல்' என்று எழுதிவிட்டுப் போகலாமே!

இன்னும் சிலர் அழற்சி என்பதே அலர்ஜியைத் தமிழாக்கிய சொல் என்று நினைத்து எழுதுகிறார்கள். ஒலி ஒத்திருப்பது தற்செயல். அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் இருக்கிறது. கற்றாழையே சிலருக்கு ஒவ்வாது, அதிலும் மடலின் தோலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பாலை வடியவிடாமல் தடவினால் அரிக்கும். இரண்டையும் குழப்பினால் ஒரே டியூபில் "அழற்சிக்கு நல்லது" என்றும் "அழற்சி உள்ளவர்கள் தவிர்க்கவும்" என்றும் வரும். வாங்கியவர் எதை நம்புவார்?

அப்புறம் அந்த 'அமைதிப்படுத்தும்'. அழுகிற குழந்தையை அமைதிப்படுத்தலாம். வீக்கம் வடியும், தீயும் காய்ச்சலும் தணியும். அழலிலிருந்து வந்த சொல்லுக்குத் தணிதல்தான் பொருத்தம். ஆக, "கற்றாழைச் சோறு தோல் அழற்சியைத் தணிக்க உதவும்" என்று எழுதினால் போதும். ஜெல் கூடத் தேவையில்லை, உள்ளே இருக்கும் வழுவழுப்பான சதைக்குச் சோறு என்று பெயர். சோற்றுக்கற்றாழை என்று சொல்வதே அதனால்தான்.