தைலம் தேய்த்தால் போகிற சளி இல்லை இது

எங்கள் மலையில் இருமலுக்கு யாரும் பயப்படுவதில்லை. உறைபனி விழுகிற ஜனவரியில் தைலத்தைத் தேய்த்து, சுக்குக் காபியைக் குடித்துவிட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்திப் படுத்துவிடுவோம், லயன் வீட்டில் (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒருத்தருக்குக் காசநோய் இருந்தால் இரவெல்லாம் எல்லோருக்கும் அதே காற்றுதான்.

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஒருவர் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். இரண்டு மாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், பேன்ட் நிற்காமல் இடுப்பில் சணல் கயிறு. வேறொரு இடத்தில் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து 'டிபி இல்லை' என்று அனுப்பியிருந்தார்கள். எக்ஸ்ரேயிலும் ஓட்டை இல்லை. ஹெச்ஐவி சோதனை செய்கிற நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுக்கச் சொன்னோம், ஹெச்ஐவி இருந்தது, ஹெச்ஐவி அழிக்கிற எதிர்ப்பு செல்லான சிடி4-இன் எண்ணிக்கை நூறுகூட இல்லை, ரொம்பக் குறைவு. மறுபடி சளி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் சோதனையில் போட்டதும் காசநோய்க் கிருமி மாட்டிக்கொண்டது.

முதல் சோதனையில் ஏன் தப்பியது? நுரையீரலில் ஓட்டை விழுவது கிருமியால் மட்டுமில்லை, அதோடு நம் எதிர்ப்பு செல்கள் போடுகிற சண்டையாலும்தான். சண்டை போட ஆளில்லாத உடம்பில் ஓட்டையும் விழாது, சளியில் கிருமியும் குறைவாகத்தான் வரும். அதனால் ஹெச்ஐவி உள்ளவருக்கு 'சளியில் ஒன்றுமில்லை' என்று வந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

காசநோய்க் கிருமியை மேக்ரோபேஜ் என்கிற செல் விழுங்கிவிடும், ஆனால் தானாகக் கொல்லத் தெரியாது, அதை உசுப்பிவிடுவது சிடி4 செல். இரண்டும் இன்னும் சில செல்களும் சேர்ந்து கிருமியைச் சுற்றிக் கட்டுகிற முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். பெரும்பாலானவர்களுக்குக் கிருமி ஆயுசுக்கும் அதற்குள்ளேயே கிடக்கும், நூற்றில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாகும். ஹெச்ஐவி இருந்து மருந்தும் எடுக்காதவருக்கோ ஏறக்குறைய அவ்வளவு ஆபத்து ஒவ்வொரு வருஷமும்.

காரணம், ஹெச்ஐவி தூங்குகிற செல்லைவிட விழித்திருக்கிற செல்லில்தான் சுலபமாகப் பெருகும். காசநோயைக் காவல் காக்கிற சிடி4 செல்கள் ஓயாமல் விழித்திருப்பவை. அதனால் மொத்த எண்ணிக்கை பெரிதாக இறங்கும் முன்பே இந்தக் காவல்காரர்கள் காலியாகிவிடுகிறார்கள். பதிலுக்குக் காசநோயும் சும்மா இருப்பதில்லை, அது கிளப்பிவிடும் அழற்சிப் பொருள்கள் செல்லுக்குள் பதுங்கியிருக்கும் ஹெச்ஐவியின் சுவிட்சையே தட்டிவிடுகின்றன, வைரஸ் நகல் நகலாகப் பெருகுகிறது. ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதாது என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அவருக்கு முதலில் டிபி மாத்திரை, இரண்டு வாரம் கழித்து ஹெச்ஐவிக்கான கூட்டு மருந்து. மூன்றே வாரத்தில் கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. "மருந்துதான் என்னைத் தின்னுது டாக்டர்" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்து நின்றார். அவர் மேல் தப்பில்லை, இப்படி ஆகலாம் என்று முதல் நாளே நான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும். செத்துக் கிடந்த எதிர்ப்பு சக்தி திரும்பி வந்து, ஒளிந்திருந்த கிருமியைப் பார்த்து மூர்க்கமாகச் சண்டை பிடித்ததில் வந்த வீக்கம் அது. மருந்து வேலை செய்யவில்லையோ, கிருமி மருந்துக்கு அடங்கவில்லையோ என்றும் பார்த்துவிட வேண்டும், பார்த்தோம், இல்லை. மாத்திரையைத் தொடரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நாள் ஸ்டீராய்டு கொடுத்தோம்.

அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார்: மற்றவர்களுக்கு ஹெச்ஐவி மாத்திரை தினம் ஒரு தடவைதான், எனக்கு மட்டும் ராத்திரிக்கும் ஏன் தனியாக ஒரு மாத்திரை? டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, கூட்டு மருந்தில் இருக்கிற டொலுடெகிராவிரை சீக்கிரமே கழித்துவிடும், அதை ஈடுகட்டத்தான் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு அதை விடக்கூடாது. அந்த மாத்திரையை அவர் மனைவி டீத்தூள் டப்பா மூடி மேல் வைத்துவிடுகிறாராம், ஏழு மணி டீக்கு டப்பாவைத் திறக்க வேண்டுமானால் முதலில் அதை எடுத்தாக வேண்டும்.