கடித்தது உண்மை, விஷம் ஏறியதா?

வரப்பில் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது. பல் தடம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் வீக்கம் இல்லை, ஆள் நன்றாகப் பேசுகிறார். கேசுவாலிட்டியில் உடன் வந்தவர்கள் பதறுகிறார்கள்: "இன்னும் எதுக்கு டாக்டர் பார்த்துக்கிட்டே இருக்கீங்க? விஷமுறிவு ஊசியைப் போட்டுவிடுங்க."

அவர்கள் பதற்றம் நியாயமானது. ஆனால் நச்சுப் பாம்பே பல்லைப் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போவதுண்டு. சாரையும் தண்ணீர்ப்பாம்பும்கூடக் கடிக்கும். விஷமுறிவு மருந்தோ குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் புரதம். சிலருக்கு அது சில நிமிடங்களிலேயே ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். விஷம் ஏறாதவருக்குப் போட்டால் ஆபத்தை நாமே விலைக்கு வாங்குகிறோம். ஏறியவருக்குத் தாமதித்தால் சிறுநீரகமோ உயிரோ போகும். அதனால் ஊசி போடலாமா என்பதைத் தடத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, அறிகுறியைப் பார்த்தே முடிவு செய்கிறோம்.

செத்த பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டாம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். தள்ளி நின்று செல்போனில் படம் எடுக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டாலும் சிகிச்சை நிற்காது.

கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் கடியில் பெரும்பாலும் முடிவைச் சொல்வது ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூப். ரத்தக் குழாயிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, காய்ந்த புதிய டியூபில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது. தண்ணீராக ஓடினால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது.

இவ்வளவு எளிய சோதனையிலும் தவறு நடக்கிறது. பிளாஸ்டிக் டியூபில் நல்ல ரத்தமே சரியாக உறையாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படித்தான். நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு பொய்யாகும். சந்தேகம் வந்தால் உடன் வந்தவர் ஒருவரின் ரத்தத்தையும் அதே வகை டியூபில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் உறையாவிட்டால் கோளாறு டியூபில்தான்.

முதல் டியூப் உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்புவதுதான் இதில் பெரிய தவறு. விஷம் மெதுவாகவும் ஏறும். முதல் 3 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தை எழுத வேண்டும். ஈறில் ரத்தம் கசிகிறதா, சிறுநீர் குறைகிறதா என்றும் கவனிக்க வேண்டும். எதுவுமே தெரியாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருந்தே ஆக வேண்டும். "ஒண்ணும் இல்லையே, போயிட்டு வர்றோம்" என்று கையெழுத்துப் போட்டுக் கிளம்பாதீர்கள்.

கட்டுவிரியன் கதை வேறு. அது தாக்குவது நரம்பை, அதனால் டியூபில் ரத்தம் அழகாக உறையும். கடித்த இடத்தில் வலி இருக்காது, தடமும் பல நேரம் தெரியாது. இரவு தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று வருவார். கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பினால் மூச்சு நிற்கும்போதுதான் உண்மை தெரியும். அப்படி வருபவரை முதலில் மேலே பார்க்கச் சொல்ல வேண்டும். இமை சரிகிறதா, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார் என்று பார்க்க வேண்டும். அந்த எண் ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் சுவாசத் தசை தளர்கிறது என்று பொருள்.

அறிகுறி தெரிந்துவிட்டால் தயக்கமே கூடாது. பெரியவருக்கு முதலில் 10 குப்பி. குழந்தைக்கும் அதே 10 குப்பிதான், ஏனென்றால் ஆளின் எடையைப் பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைப்பதில்லை. குப்பியிலுள்ள மருந்துத் தூளைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைக்கும், மெல்லச் சுழற்றினால் போதும். சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். தோலில் டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்பது பயனற்றது, யாருக்கு ஒவ்வாமை வரும் என்பதை அது சொல்லாது. அதற்குப் பதில், ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலினைச் சிரிஞ்சில் எடுத்துத் தயாராக வைக்க வேண்டும். அரிப்பு, தடிப்பு, இரைப்பு தெரிந்தால் உடனே சொட்டை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போட வேண்டும். அடங்கியபின் மெதுவாகத் தொடரலாம். மருந்து தொடங்கியபின் ரத்தச் சோதனையை 6 மணி நேரம் கழித்தே மீண்டும் செய்கிறோம். உறைவுப் பொருள்களைக் கல்லீரல் திரும்பச் சுரக்க அவ்வளவு நேரம் பிடிக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு இழுபறி உண்டு. குப்பிகள் இருக்கும், வென்டிலேட்டர் இருக்காது. இங்கேயே போடுவதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? அறிகுறி இருந்தால் முதல் டோஸை இங்கேயே தொடங்கிவிட வேண்டும். பிறகு, கையால் மூச்சுக் கொடுக்கும் பையும் அதைப் பிடிக்கத் தெரிந்தவரும் உள்ள 108 வண்டியில் அனுப்ப வேண்டும். மருந்தே போடாமல் சீட்டு எழுதி அனுப்புவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வையுங்கள், நடக்க விடாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் வீக்கம் அந்தக் கட்டால் வந்ததா விஷத்தால் வந்ததா என்றே தெரியாமல் போகும். ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள், மருந்து தயாரானபின் மருத்துவர் அவிழ்ப்பார்.

மருந்து ஏற்றி வீடு திரும்பியவருக்கு ஓரிரு வாரத்தில் காய்ச்சல், மூட்டு வலி, உடம்பெல்லாம் அரிப்பு வரலாம். அது அந்த மருந்தின் பின்விளைவு. டிஸ்சார்ஜ் சீட்டோடு திரும்ப வாருங்கள்.